முகவரியார் தேடிய வீடு

அத்தியாயம் 19

போன வாரம் நாம் விட்டுவிட்டு வந்தபோது அம்மா தலையாட்டிக்கொண்டிருந்தாள். பதினோரு வருஷம் தனியாக இருந்தவள். மகள் பெரியவள் கூப்பிட்டபோதெல்லாம், "எனக்கென்ன குறை, நான் இங்கேயே இருந்துக்கறேன்" என்று பிடிவாதம் பிடித்தவள். குளியலறையில் ஒருமுறை வழுக்கி விழுந்ததும் ஒருவழியாக இறங்கி வந்தாள். பெரியவள் வீட்டுக்குப் போவது என்று முடிவாகிவிட்டது.

மருமகனிடம் இந்தப் பதினாறு வருஷத்தில் முகம் கொடுத்து ஒரு வார்த்தை பேசியதில்லையே, அந்த வீட்டில் எப்படி இருக்கப்போகிறாள் என்று நம்மைப் போலவே பெரியவளும் யோசித்தாள். யோசித்துவிட்டு, ஆனது ஆகட்டும் என்று வேனுக்குச் சொல்லிவிட்டாள்.

வேன் நாலு மணிக்கு. மத்தியானம் இரண்டு மணிக்கு வாசலில் பழைய பேப்பர்க்காரர் தராசை மாட்டிவிட்டு உட்கார்ந்திருந்தார். பரண் மேலிருந்து இறக்கிய பேப்பர் கட்டுகள் அவரைச் சுற்றி மலையாகக் குவிந்திருந்தன. மனிதர் எடை போடுகிற வேலையை விட்டுவிட்டு, மடியில் எதையோ விரித்து வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு மேல்வரிசையில் இரண்டு பல் இல்லை. பெரியவளுக்கு அதைப் பார்த்ததும் கை துறுதுறுத்தது. பல் செட் செய்கிற கூடத்தில் இருபது வருஷமாக வேலை. யாராவது சிரித்தால் மற்றவர்கள் முகத்தைப் பார்ப்பார்கள். இவள் கடைவாய் வரைக்கும் கணக்கெடுத்துவிடுவாள்.

"என்னண்ணே, எடையும் போடாம தனியா சிரிச்சிட்டிருக்கீங்க?"

"இதைப் பாருங்கம்மா! பேங்க்ல கொள்ளையடிக்க வந்தவன்கிட்டயே போய் இந்த ஆள் வழி கேக்கறான். இதையெல்லாம் எடைக்குப் போட மனசு வரலை. நீங்களே வெச்சுக்குங்க."

நீட்டியது ஒரு சிறுவர் மாத இதழ். அதே கட்டில் இன்னும் ஆறு இருந்தன. அட்டை பழுத்துப்போயிருந்தது. அப்படி ஒரு பத்திரிகையைப் பெரியவள் பார்த்ததே இல்லை. நடுப்பக்கத்தில் நாலு பக்கச் சித்திரக்கதை: ‘முகவரியார்!’ கீழே, ‘கதை, படம்: கோடு’.

கோடு! சின்னவனுடைய பட்டப்பெயர். பள்ளிக்கூட நாளில் சுவர், தரை, பாடப்புத்தகம் எதையும் விடாமல் கிறுக்கியதற்குப் பெரியவளே வைத்த பெயர். தம்பியின் படம் அச்சில் வந்திருக்கிறதா? கள்ளன், ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று செல்லமாகத் திட்டிக்கொண்டே காலியான கூடத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

முகவரியார் ஒரு மாவீரர். தபால் மூட்டையைப் பிரித்துத் தைத்த கோணிதான் மேலங்கி. முகமூடி உண்டு. மார்பில் தபால் முத்திரை. எல்லா மாவீரர்களும் இறுக்கமான உடுப்புக்கு மேலே ஜட்டி போடுவார்கள். இவர் இரண்டு பித்தான் பிய்ந்துபோன அரைக்கால்சட்டை போட்டிருந்தார். பறக்கும்போது ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டுதான் பறக்க வேண்டும். உலகத்தில் எந்த முகவரியைக் காட்டினாலும் கண்ணிமைக்கும் நேரத்தில் எங்கே என்று சொல்லிவிடுவார். போக வேண்டிய இடம் மட்டும் பாதி வழியில் மறந்துவிடும்.

முதல் இதழில் பேங்க்குக்குள் இறங்கி, துப்பாக்கியோடு நிற்கிறவனிடம், "ஐயா, இது பன்னிரண்டாம் நம்பர் வீடுதானே?" என்று பணிவாகக் கேட்கிறார். கொள்ளைக்காரனும் பாவம் நல்லவன், "நேராப் போய் இடது பக்கம்" என்று கை நீட்டுகிறான், துப்பாக்கி கீழே விழுகிறது, மாட்டிக்கொள்கிறான். மூன்றாவது இதழில் ‘ரப்பர் ராட்சசன்’ வந்து ஊரிலுள்ள எல்லா முகவரிகளையும் அழித்துவிடுகிறான். ஊரே வீடு தெரியாமல் தவிக்கிறது. தப்பான வீட்டுக்குப் போன சிலர், இந்த வீடே பரவாயில்லையே என்று திரும்ப மறுக்கிறார்கள். முகவரியார் ஒருவர்தான் பதற்றமில்லாமல் உலாத்துகிறார். அவருக்கு அது வழக்கம்தானே?

பெரியவள் வாய்விட்டுச் சிரித்தாள். உள்ளே மூட்டை கட்டிக்கொண்டிருந்த அம்மா, "என்னடி அங்க சத்தம்?" என்று குரல் கொடுத்தாள்.

"ஒண்ணுமில்லைம்மா. பழைய புஸ்தகம்."

ஒவ்வொரு கதையும் ஒரே மாதிரி முடிந்தது. முகவரியார் களைத்துப்போய் வீடு திரும்புவார். கையில் கரண்டியோடு கரண்டியம்மா வாசலில் நின்று, "போன காரியம் என்னாச்சு?" என்பாள். அவர் தலையைச் சொறிவார். "ஊரைக் காப்பாத்திட்டேன். ஆனா எதுக்குக் கிளம்பினேன்னுதான் தெரியலை." பிறகு கடைசிக் கட்டத்தில், எல்லாப் பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டு, "ஆங்! மக வீட்டுக்குப் போகணும். அவகிட்ட ஒண்ணு சொல்லணும்!"

ஐந்தாவது இதழில்தான் பெரியவள் அந்தப் பல்லைக் கவனித்தாள்.

முகமூடி கண்ணை மறைத்திருந்தது. வாயை மறைக்கவில்லை. மேல்வரிசையில் இடது கோரைப்பல் பக்கத்துப் பல்லின் மேல் பாதி ஏறி நின்றது. கீழே முன்பல் இரண்டுக்கும் நடுவில் ஓர் அரிசி போகிற இடைவெளி. வலது ஓரத்தில் மூலை உடைந்த பல் ஒன்று. ஏழு இதழிலும், பெரிய படம் சின்னப் படம் எல்லாவற்றிலும், அதே வரிசை.

அது அப்பாவின் வாய்.

சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. மறுபடி முதலிலிருந்து பார்த்தாள். முகவரியார் எந்த உறையைக் கையில் எடுத்தாலும் கீழிருந்து மேலாகத்தான் படித்தார்: முதலில் ஊர், அப்புறம் தெரு, அப்புறம் வீட்டு எண், கடைசியில்தான் ஆள். தபால் பிரிக்கிறவர்களின் வழக்கம் அது. அப்பா முப்பத்திரண்டு வருஷம் தபால் பிரித்தவர். கல்யாணப் பத்திரிகை வந்தால்கூட மண்டபத்திலிருந்து ஆரம்பித்து மாப்பிள்ளைக்கு வந்து சேருவார்.

முதல் இதழின் அட்டையைத் திருப்பித் தேதியைப் பார்த்தாள். அவள் கல்யாணம் முடிந்து பதிமூன்றாவது மாதம்.

இந்த இடத்தில் பழைய சங்கதி கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பெரியவள் தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டவள். அப்பா வரவில்லை. அதற்குப் பிறகு அவள் எழுதிய கடிதம் எதற்கும் பதில் இல்லை. போன் செய்தால் அம்மாதான் எடுப்பாள்: "அப்பா உன்னோட பேசமாட்டாராம்." நாலு வருஷம் கழித்து, அப்பாவுக்கு மறதி முற்றிவிட்டது என்று ஆளனுப்பினார்கள். ஓடி வந்தாள். அப்பா அவளை ஏற இறங்கப் பார்த்து, "என்னம்மா வேணும்? கவுன்டர் மூடியாச்சு" என்றார். அடுத்த வருஷம் போய்விட்டார். என் மேல் இருந்த கோபம்கூட மறந்துபோய்த்தான் செத்தார், மன்னித்துவிட்டுச் சாகவில்லை என்று பதினோரு வருஷமாக அவள் மனசுக்குள் ஒரு முள். யாரிடமும் சொன்னதில்லை.

பெரியவள் ஏழு இதழையும் கையில் சுருட்டிக்கொண்டு எழுந்தாள்.

சின்னவன் கடை இரண்டு தெரு தள்ளி. பெயர்ப்பலகை செய்கிற கடை. மருந்துக்கடை ஒன்றுக்காக வெட்டிய பச்சை ஸ்டிக்கர் எழுத்துகளை ஒவ்வொன்றாக உரித்துப் பலகையில் ஒட்டிக்கொண்டிருந்தான். அக்கா கையிலிருந்ததைப் பார்த்ததும் கை நின்றது. எழுத்து கோணலாக ஒட்டிக்கொண்டது.

"இது எங்கேர்ந்து கிடைச்சுது உனக்கு?"

"பரண்ல. எப்போ வரைஞ்சே?"

"அதுலயே தேதி இருக்கே அக்கா."

"பார்த்துட்டுத்தான் வந்திருக்கேன். அப்பாவுக்கு மறதின்னு என்கிட்ட எப்போடா சொன்னீங்க?"

அவன் அடுத்த எழுத்தை உரிக்கப் போனான்.

"நான் சொல்றேன். இதுக்கப்புறம் மூணு வருஷம் கழிச்சு. அப்போ இது வரைஞ்சப்போவே உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"அம்மாவுக்கு?"

"என்னக்கா கேள்வி இது."

பெரியவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். "மக வீட்டுக்குப் போகணும்னு சொல்றாரே, அது கதைக்காகத்தானே?"

சின்னவன் பலகையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "ஞாயித்துக்கிழமை ஆனா கிளம்பிடுவார். சட்டையெல்லாம் போட்டுக்கிட்டு, 'பெரியவ வீட்டுக்குப் போயிட்டு வரேன்'னு. உன் அட்ரஸைத் துண்டுச்சீட்டுல எழுதி எடுத்துட்டுப் போவார். எங்கேயாவது தொலைச்சுடுவார். நான் சைக்கிளை எடுத்துட்டுத் தேடுவேன். ஒரு தடவை தீயணைப்பு நிலையத்துல உக்காந்து, அவங்களுக்கு வந்த தபாலையெல்லாம் பிரிச்சு அடுக்கிட்டிருந்தார்."

"நாலாவது இதழ்."

"ஆமா."

"பேங்க்?"

"அதுவும் நிஜம்தான். கொள்ளைக்காரனை மட்டும் நான் சேர்த்தேன்."

அப்பா வரவில்லை, வரவில்லை என்று அவள் அழுத ஞாயிற்றுக்கிழமைகளிலெல்லாம் மனிதர் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பியிருக்கிறார். நாலு மணி நேர பஸ் பயணம். ஒரு தடவை யாராவது கையைப் பிடித்து பஸ்ஸில் ஏற்றிவிட்டிருந்தால் வந்து இறங்கியிருப்பார்.

"ஏன்டா சொல்லலை? ஒரு போன் போட்டிருந்தா போதுமே!"

"அம்மா சத்தியம் வாங்கிட்டா. உன்கிட்ட வாயைத் திறக்கக்கூடாதுன்னு. பேசினாத்தானே சத்தியத்தை மீறினதா ஆகும், வரைஞ்சா ஆகாதேன்னு நெனச்சேன். அதான்..." திரும்பினான். "உனக்கு மாசாமாசம் அனுப்பினேனே அக்கா! ஏழும் அனுப்பினேன். அப்பா பல்லை நீ பார்த்தா கண்டுபிடிச்சுடுவேன்னுதானே ஒவ்வொரு படத்துலயும் பார்த்துப் பார்த்துப் போட்டேன். நீ ஒரு வார்த்தை கேக்கலை. படிச்சுட்டும் வரலைன்னா, உனக்கே அப்பா வேண்டாம் போலன்னு விட்டுட்டேன்."

வந்ததுதான். அந்த வருஷம் மாதாமாதம் பழுப்பு உறையில் ஏதோ ஒன்று வந்தது. அனுப்பியவர் பெயர் இல்லை. மூலையில் ‘சிறுவர் மாத இதழ்’ என்று அச்சிட்டிருந்தது. அவளுக்கு அந்த வருஷம் மாதாமாதம் ஓர் எதிர்பார்ப்பு, மாதாமாதம் ஓர் அழுகை. சீக்கிரம் ஒரு குழந்தையைப் பெற்றுக்கொள் என்று சொந்தக்காரர் யாரோ குத்திக்காட்டுகிறார்கள் என்று நினைத்து, உறையைப் பிரிக்காமலே கொண்டுபோய்ப் பல் டாக்டரின் காத்திருப்பு அறை மேஜையில் போட்டுவிட்டாள். எந்தெந்தக் குழந்தையோ அதைப் பிரித்துச் சிரித்திருக்கும்.

"நான் பிரிக்கவே இல்லைடா. உறை மேல உன் பேரைக்கூடப் போட பயமா உனக்கு?" என்றாள் கடைசியில். "அப்பாவை வெச்சு ஊரையே சிரிக்க வெச்சே. எனக்கு ஒருத்திக்குச் சொல்லத்தான் உனக்கு வாய் வரலை."

"அக்கா..."

"அப்பா வேலை போயிடும்னு மறைச்சீங்களா?"

"முதல்ல வேலைக்காகத்தான். ரிட்டையர் ஆக ஒன்றரை வருஷம் இருந்தது. ஆபீஸ்ல தெரிஞ்சா அனுப்பிடுவாங்கன்னு பயம். கூட வேலை பார்த்தவங்க அவர் வேலையையும் சேர்த்துப் பார்த்துக்கிட்டாங்க."

"சரி, ரிட்டையர் ஆனப்புறம்?"

சின்னவன் கோணலாக ஒட்டிய எழுத்தை நகத்தால் சுரண்ட ஆரம்பித்தான். "அதை அம்மாகிட்ட கேளு."

வேன் வந்துவிட்டிருந்தது. பீரோவும் கட்டிலும் ஏறி, டிரைவர் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். அம்மா முன் சீட்டில் ஏறி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, ஊருக்குப் போகிற குழந்தை மாதிரி தயாராக உட்கார்ந்திருந்தாள்.

"எங்கடி போனே? நேரமாகுது, ஏறு."

பெரியவள் இதழ்களை அம்மாவின் மடியில் வைத்தாள். அம்மா கண்ணாடியைத் தேடவில்லை. அட்டையைப் பார்த்ததுமே கையை இழுத்துக்கொண்டாள்.

"எல்லாத்தையும் அப்பவே எரிச்சுட்டேன்னு நினைச்சேன்" என்றாள்.

நல்லவேளை, டிரைவர் விவரம் தெரிந்தவர். டயரை உதைத்துப் பார்க்கிற சாக்கில் அந்தப் பக்கம் போய்விட்டார்.

"அப்பா என்னோட பேசமாட்டேன்னு எப்போம்மா சொன்னார்?"

"கல்யாணத்தப்போ சொன்னார்."

"அப்புறம்?"

அம்மா கைப்பையை இறுக்கி மூடினாள்.

"ஆபீஸுக்குப் பயந்தது ஒன்றரை வருஷம். மிச்சம் ஒன்றரை வருஷம் யாருக்கும்மா பயந்தே? நான் போன்ல அழுதேனே. கெஞ்சினேனே. அவர் பக்கத்துலதானே உக்காந்திருந்தார்?"

"உக்காந்திருந்தார்" என்றாள் அம்மா. திடீரென்று அவள் குரல் ஏறியது. "பக்கத்துலதான் உக்காந்திருந்தார். உக்காந்துகிட்டு என்னைப் பார்த்து, 'நீங்க யாரு?'ன்னு கேட்டார். முப்பது வருஷம் ஆக்கிப்போட்டவளைப் பார்த்து! 'அம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், என்னை என் பெரியவ வீட்ல கொண்டுபோய் விட்டுடுங்க'ன்னு கையெடுத்துக் கும்பிட்டார். ஊர் மறந்தது, தெரு மறந்தது, நான் மறந்தேன். நீ மட்டும் நின்னே. அவரை வேண்டாம்னு போனவ நீ. உன் பேரு மட்டும் நின்னுது. எனக்கு எப்படி இருந்திருக்கும்?"

அம்மா மடியிலிருந்த இதழ்களைத் தள்ளிவைத்தாள்.

"உன்கிட்ட சொன்னா நீ வந்து கூட்டிட்டுப் போயிருப்பே. அவரும் திரும்பிப் பார்க்காம போயிருப்பார். கொஞ்ச நாள்ல உன் பேரும் போயிடும்னு டாக்டர் சொன்னார். சரி, அது போகட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன். போச்சு. அதுக்கப்புறம்தான் ஆளனுப்பினேன்."

அம்மா அழுதாள். பெரியவளுக்கு அம்மா மேல் இரக்கம் வராமல் இல்லை; பெற்றவளாயிற்றே. ஆனால் கவுன்டர் மூடியாச்சு என்று அப்பா சொன்ன நிமிஷத்தில், அறை மூலையில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பார்த்தியா, உன்னையும் தெரியலை" என்று இதே அம்மா சொன்னாள். அந்த நிமிஷத்துக்காகக் காத்திருந்துதான் கூப்பிட்டிருக்கிறாள். அதை நினைத்ததும் இரக்கம் எங்கோ ஓடிப்போனது.

போனை எடுத்துக் கணவரைக் கூப்பிட்டாள்.

"வேன் கிளம்புது. ஜன்னல் பக்கத்து ரூம்ல கட்டிலைப் போட்டுடுங்க. அம்மாவுக்குப் படி ஏறக் கஷ்டம், கையைப் பிடிச்சுக்கோங்க... இல்லை, அம்மா மட்டும்தான். நான் இப்போ வரலை."

அம்மாவின் முகம் வெளிறியது. "என்னடி இது? நீ இல்லாத வீட்ல நான் எப்படி இருப்பேன்? அந்த மனுஷரோட நான் ஒரு வார்த்தை பேசினதில்லை."

"அப்பா இருந்தாரேம்மா, நான் இல்லாத வீட்ல."

டிரைவர் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினார். பெரியவள் கதவைச் சாத்தப் போனாள். அம்மா அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும், ஒண்ணு சொல்லணும்னு கிடந்தாரே, அது என்னன்னு எனக்குத் தெரியும். தினமும் என்கிட்ட சொன்னார். சின்னவனுக்குக்கூடத் தெரியாது. நீ ஏறு. போற வழியில சொல்றேன்."

கதவில் வைத்த கை அப்படியே நின்றது. பதினாறு வருஷமாக அப்பா வாயிலிருந்து அவள் கேட்கத் தவித்தது, ஒரு முழம் தூரத்தில், அம்மாவின் நாக்கு நுனியில் இருந்தது. ஏறிவிடலாம் என்றுதான் காலும் எழுந்தது.

ஆனால் அந்தக் குரல்! போனில் ஒவ்வொரு தடவையும், "அப்பா உன்னோட பேசமாட்டாராம்" என்று சொன்ன அதே குரல். அதே இழுப்பு, நடுவில் அதே பெருமூச்சு. அன்றைக்கும் அது உண்மை மாதிரியேதான் இருந்தது.

"வேண்டாம்மா" என்றாள். மணிக்கட்டை மெல்ல விடுவித்துக்கொண்டாள். "நீ எதைச் சொன்னாலும், அது அப்பா சொன்னதா, நீயா சொல்றதான்னு எனக்கு இனிமே தெரியாது."

கதவைச் சாத்தினாள்.

வேன் நகர்ந்தது. அம்மா ஜன்னல் வழியே தலையை நீட்டி எதையோ கத்திச் சொன்னாள். இன்ஜின் சத்தத்தில் பெரியவளுக்கு ஒன்றும் காதில் விழவில்லை. தெருமுனையில், கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடிவந்த சின்னவன் நின்றிருந்தான். திருப்பத்தில் வேன் வேகம் குறைத்து அவனை உரசுகிற மாதிரி போனது. அம்மா அதையே மறுபடி சொன்னாள்.

அவனுக்குக் கேட்டுவிட்டது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டான். பிறகு தட்டுத்தடுமாறி எழுந்து, "அக்கா! அக்கா!" என்று கூப்பிட்டுக்கொண்டே வீட்டைப் பார்த்து ஓடிவந்தான்.

பெரியவள் உள்ளே போய்க் கதவைத் தாழிட்டாள்.